பனிமலை மடத்துத் திருவிழா

திருவிழாக் காண நடந்து செல்வது நம்மவர்க்குப் புதிதன்று. தைப்பூசத்திற்குப் பழனிக்கும், கார்த்திகைக்குத் திருவண்ணாமலைக்கும் நடந்து சென்ற பாட்டன் பாட்டிமாரின் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆயினும் இம்மாதம் இப்பகுதியில் சொல்லவிருக்கும் நடை வேறு வகையானது. நேபாள நாட்டின் வடகோடியில், எவரெஸ்ட் சிகரத்தின் அடிவாரத்திற்குச் செல்லும் வழியில், கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 3,860 மீட்டர் உயரத்தில், தெங்போச்சே என்னும் பௌத்த மடாலயம் இருக்கிறது. அங்கே ஆண்டுதோறும் நடைபெறும் ‘மணி ரிம்து’ என்னும் திருவிழாவுக்குச் சென்ற ஐப்பசியில் போய் வந்தோம். விழாவைக் கண்டோம், கண்ட மகிழ்ச்சியோடு ஒரு கடனையும் சுமந்துகொண்டு திரும்பினோம். அக்கடன் இன்னதென்று அன்பர்களிடம் சொல்லிவிட வேண்டும் என்பதற்காகவே இதனை எழுதுகிறோம்.

கணவன் மனைவியாக நாங்கள் இருவர். நம் சங்கத்து அன்பர்கள் அனைவரும் அறிந்த பெரியவர் ஒருவர். கல்லூரியிற் படிக்கும் அவருடைய பேரன். ஆக நால்வர் புறப்பட்டோம். பெரியவர் ரயில்வே கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வயது 66. பெயரை அச்சிட்டால் கோபித்துக்கொள்வார். ஆதலால் பெரியவர் என்றே குறிப்பிடுகிறோம். இந்த யாத்திரை எண்ணம் முதலில் உதித்ததும் அவர் உள்ளத்திலேதான்.

அதற்குக் காரணம் தமிழ். பதினொன்றாம் நூற்றாண்டில், வீரராசேந்திர சோழன் காலத்தில், புத்தமித்திரர் என்பார் ‘வீரசோழியம்’ என்னும் இலக்கண நூலை இயற்றினார். அகத்திய முனிவர் தமிழைக் கேட்டறிந்தது அவலோகிதனிடத்தில் என்று அந்நூல் கூறுகிறது. அவலோகிதன் என்பவன் பௌத்தர்கள் கருணையின் வடிவாக வணங்கும் போதிசத்துவன். அவன் உறையும் மலை போதலகம். தென்னாட்டிலுள்ள அம்மலையைப் பற்றிச் சீன யாத்திரிகரான யுவான் சுவாங் ஏழாம் நூற்றாண்டிலேயே எழுதியிருக்கிறார். அது நம் பொதிகையே என்பது ஆராய்ச்சியாளர் சிலரின் கருத்து. லாசா நகரத்துப் போதலா அரண்மனைக்குப் பெயர் வந்ததும் அம்மலையிலிருந்துதான். மணி ரிம்து விழாவில் ஆவாகனம் செய்து வழிபடப்படும் மூர்த்தி இந்த அவலோகிதனின் ஒரு வடிவமே. ‘பெருங்கருணையுடைய ஆடல் தலைவன்’ என்பது அம்மூர்த்தியின் திருநாமத்தின் பொருள். ஆடல்வல்லானை வணங்கும் மரபில் வந்தவர்க்கு இதைக் கேட்டதும் கால் துறுதுறுக்காமல் இருக்குமா? “தம்பி, முழங்கால் இருக்கும்போதே போய்விட வேண்டும்” என்றார் பெரியவர்.

விழாவின் வரலாற்றையும் ஈண்டுச் சிறிது சொல்ல வேண்டும். தெங்போச்சேயைச் சூழ்ந்த கும்பு பகுதியில் வாழ்வோர் ஷெர்ப்பா மக்கள். ‘ஷெர்ப்பா’ என்றால் கீழ்த்திசையார் என்பது பொருள். சுமார் 500 ஆண்டுகளுக்கு முன் கிழக்குத் திபெத்திலிருந்து பனிமலைகளைக் கடந்து வந்து குடியேறியவர்கள் அவர்கள். எவரெஸ்டின் வடபுறத்தில், திபெத்தில், 1902-ஆம் ஆண்டில் ரொங்புக் என்னும் பெரிய மடாலயம் நிறுவப்பட்டது. அதன் தலைமைக் குருவின் அறிவுரைப்படி, குலு லாமா என்பவர் 1916-ல் தெங்போச்சேயில் மடம் அமைத்தார். தாய்மடத்தின் திருவிழா 5,700 மீட்டருக்கும் உயர்ந்த நாங்பா லா கணவாயைக் கடந்து மகள்மடத்திற்கு வந்து சேர்ந்தது. வேடமுகங்கள் வந்தன; ஆட்ட முறைகள் வந்தன; மந்திரங்கள் வந்தன.

பின்னர் நிகழ்ந்ததை எண்ணிப் பாருங்கள். சீனத்தின் பண்பாட்டுப் புரட்சிக் காலத்தில் ரொங்புக் மடம் பாழாக்கப்பட்டது; 1980-களிலேதான் மீண்டும் எழுப்பத் தொடங்கினர். தாயகத்தில் விழா நின்றிருந்த காலத்தில், குடியேறிய மண்ணில் அது இடைவிடாது நடந்தது. தெங்போச்சே மடத்திற்கும் இடர்கள் குறைவில்லை. 1934-ல் பீகாரை உலுக்கிய அதே நிலநடுக்கம் மடத்தை இடித்துத் தள்ளியது. திரும்பக் கட்டினார்கள். 1988-ல் மின்விளக்கு வந்தது. மறு ஆண்டு ஜனவரியில் மின்கசிவினால் தீப்பற்றி மடம் எரிந்து போயிற்று. திரும்பவும் கட்டி 1993-ல் குடமுழுக்கு நிகர்த்த சடங்கு செய்தார்கள். வந்த இடத்தில் வாழ்கிற நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு இந்த வரலாற்றிலே சிந்திப்பதற்கு நிறைய உண்டு.

இனி வழிப்பயணம். ஹௌராவிலிருந்து ரக்ஸௌல் வரை ரயிலிலும், எல்லை கடந்து பீர்கஞ்ஜிலிருந்து காத்மாண்டு வரை பேருந்திலும் சென்றோம். இந்தியக் குடிமக்களுக்கு நேபாளம் செல்ல விசா வேண்டியதில்லை. காத்மாண்டிலிருந்து லுக்லா என்னும் மலையூருக்குச் சிறு விமானம் உண்டு. எனினும் இலையுதிர் பருவத்தின் நெரிசலில் அவ்விமானங்கள் பெரும்பாலும் கிழக்கே மலைச்சாலையில் நான்கைந்து மணி நேரத் தொலைவிலுள்ள மந்தலி என்னும் இடத்திலிருந்தே புறப்படுகின்றன. லுக்லாவின் ஓடுபாதை 527 மீட்டர் நீளந்தான், அதுவும் சரிவானது. இறங்கும் விமானம் மேட்டில் ஏறி நிற்கும். புறப்படும் விமானம் பள்ளத்தை நோக்கி ஓடிப் பறக்கும். மேகம் கவிந்தால் விமானம் இல்லை.

எங்களுக்கு மேகம் கவிந்தது. ஒரு நாள் அன்று, இரண்டு நாள். மந்தலியில் வானத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். மூன்றாம் நாள் காலையில் லுக்லா சேர்ந்தபோது, நாட்காட்டியும் நாங்களும் பகையாகிவிட்டோம். திபெத்தியப் பஞ்சாங்கத்தின் பத்தாம் மாதத்தில், பத்தொன்பது நாள் நடைபெறுவது மணி ரிம்து. அவற்றுள் மக்கள் திரண்டு காணும் நாட்கள் மூன்று. பௌர்ணமியன்று ‘வாங்’ எனப்படும் அபிஷேகம். மறுநாள் வேடமுக ஆட்டம். மூன்றாம் நாள் ஹோமம். நாங்கள் லுக்லாவில் இறங்கிய அன்று பௌர்ணமிக்கு இரண்டே நாள் இருந்தது.

லுக்லாவில் எங்களுக்காகக் காத்திருந்த வழிகாட்டி ஷெர்ப்பா இனத்தவர், நாற்பதைக் கடந்தவர், ஹிந்தி நன்றாகப் பேசுவார். முதல் நாள் 2,610 மீட்டர் உயரத்திலுள்ள பாக்டிங். இரண்டாம் நாள் 3,440 மீட்டரிலுள்ள நாம்சே பஜார். அங்கே ஒரு நாள் முழுதும் தங்கல். அதன் பிறகே தெங்போச்சே. இதுவே அவர் வகுத்திருந்த திட்டம். ஏறிச் செல்லச் செல்லக் காற்றழுத்தம் குறைகிறது. தெங்போச்சேயில் மூச்சுக்குக் கிடைக்கும் பிராணவாயு கடற்கரையில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. உடல் அதற்குப் பழக நாள் வேண்டும். 3,000 மீட்டருக்கு மேல் இரவு தங்குமிடத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தலாகாது என்றும், மூன்று நான்கு நாளைக்கு ஒருமுறை ஓய்வு வேண்டும் என்றும் மருத்துவர்கள் வரையறுத்திருக்கிறார்கள்.

பாக்டிங்கிலிருந்து நாம்சே செல்லும் பாதை அழகிது. பால்நிற நுரை பொங்க ஓடும் தூத்கோசி ஆற்றைத் தொங்கு பாலங்களால் பலமுறை கடக்கிறோம். வழிநெடுக மந்திரம் செதுக்கிய கற்சுவர்கள். அவற்றை வலமாகவே கடந்து செல்ல வேண்டும். கோயிற் பிராகாரம் சுற்றிய கால்களுக்கு அது தானாகவே வந்துவிட்டது. கோவேறு கழுதைகள் சுமையுடன் வரும்போது மலைப்பக்கமாக ஒதுங்கி நிற்க வேண்டும். பள்ளத்துப் பக்கம் நின்றால் மூட்டை இடித்துத் தள்ளிவிடும். கடைசி இரண்டு மணி நேரம் செங்குத்தான ஏற்றம். குதிரை லாடம் போல் மலைச்சரிவில் வளைந்து கிடக்கும் நாம்சேயை மாலையில் அடைந்தோம்.

அன்றிரவு உணவின்போதுதான் அந்தப் பேச்சு எழுந்தது. மறுநாள் பௌர்ணமி. நாம்சேயில் தங்கினால் அபிஷேகமும் போயிற்று. அடுத்த நாள் ஆட்டம் முடியும் தறுவாயில்தான் போய்ச் சேருவோம். “விடியற்காலையில் கிளம்பினால் என்ன?” என்று கேட்டோம். வழிகாட்டி தலையை அசைத்தார். “திருவிழா அடுத்த வருஷமும் வரும்” என்றார். “நாங்கள் வருவோமா என்று தெரியாதே” என்று மறுமொழி சொன்னார் பெரியவர். நாங்களும் சேர்ந்து வற்புறுத்தினோம். இத்தனை தொலைவு வந்தாயிற்று, இத்தனை பணம் செலவழித்தாயிற்று என்று கணக்குப் பேசினோம். பெரியவருக்கு லேசாகத் தலை வலிக்கிறது என்று பேரன் சொன்னான். களைப்பு என்று பெரியவரே அதைத் தள்ளிவிட்டார். நாங்களும் அப்படியே வைத்துக்கொண்டோம். வழிகாட்டி எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, “மெதுவாகப் போவோம்” என்றார்.

மறுநாள் இருட்டிலேயே புறப்பட்டோம். மலைவிளிம்பில் நெடுந்தூரம் சென்ற பாதை, பின்னர் புங்கி தெங்கா என்னுமிடத்தில் 3,250 மீட்டருக்கு இறங்கி ஆற்றைக் கடக்கிறது. அங்கிருந்து மீண்டும் 600 மீட்டர் ஏற்றம். தேவதாரு இன மரங்களும் ரோடோடெண்ட்ரான் மரங்களும் அடர்ந்த காட்டின் வழியே, பத்து அடிக்கு ஒருமுறை நின்று நின்று ஏறினோம். பெரியவர் பேசுவதை நிறுத்தியிருந்தார். பிற்பகலில் காடு விலகி ஒரு மலைமுகட்டுப் புல்வெளி விரிந்தது. எதிரே மடாலயம், அதன் பின்னால் நுப்ட்சே, லோட்சே மலைத்தொடருக்கு அப்பால் எவரெஸ்டின் உச்சி, வலப்புறம் 6,800 மீட்டருக்கும் ஓங்கி நிற்கும் அமா தப்லம். பேரன் கைகூப்பிவிட்டான்.

அபிஷேகத்தின் கடைசிப் பகுதிக்குப் போய்ச் சேர்ந்தோம். வரிசையாய் நின்ற மக்களுக்கு மந்திரித்த சிறு மாத்திரைகள் வழங்கினார்கள். இவைதாம் மணி ரில்பு. விழாவின் பெயருக்கே இவை காரணம். பல நாள் ஜபத்தால் உருவேற்றப்பட்ட அவை கருணையையும் நீண்ட ஆயுளையும் தரும் என்பது நம்பிக்கை. நம் கோயிலில் தீர்த்தம் வாங்குவது போலக் கையேந்தி வாங்கிக்கொண்டோம். உள்ளே வண்ண மணலால் இழைத்து இழைத்துப் பல நாள் உழைப்பில் உருவாக்கிய மண்டலம் ஒன்று இருக்கிறது. கோலம் என்று சொன்னால் நம் பெண்மணிகளுக்கு விளங்கும். விழா முடிந்ததும் அதைக் கலைத்து, மணலை நாகதேவதைகளுக்காக நீரில் சேர்த்துவிடுவார்கள்.

அன்று மாலை வழிகாட்டி மிகுந்த உவகையோடு இருந்தார். காரணம் கேட்டோம். அவருடைய தமக்கை மகன் அம்மடத்தில் துறவி; மறுநாள் ஆட்டத்தில் முதன்முறையாக ஆடப்போகிறான். “இந்தக் காலத்துப் பிள்ளைகள் காத்மாண்டுக்குப் படிக்கப் போகிறார்கள், பிறகு வெளிநாடு. என் மகனும் அப்படித்தான். இவன் ஒருவன் தங்கினான்” என்றார்.

இரவு பத்து மணிக்குப் பேரன் வந்து எங்கள் கதவைத் தட்டினான். பெரியவர் இருமுறை வாந்தி எடுத்திருந்தார். தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கேட்ட கேள்விக்கு விடை வர நேரமாயிற்று. வழிகாட்டி அவரை எழுப்பி நிற்க வைத்து, குதிகாலும் விரலும் ஒட்டினாற்போல அடிமேல் அடி வைத்து நேராக நடக்கச் சொன்னார். நான்காம் அடியில் பெரியவர் தள்ளாடிப் பேரன் மேல் சாய்ந்தார். உயரத்தால் வரும் நோய் மூளையைத் தொட்டுவிட்டதற்கு அதுவே அடையாளம். அதற்கு முதல் மருந்து ஒன்றே: உடனே கீழிறங்குதல். விடியும்வரை காத்திருப்பது உயிருக்கு இறுதியாக முடியலாம்.

வழிகாட்டி ஒரு சொல்லும் வீணாக்கவில்லை. சுமைகாரரை எழுப்பினார். பெரியவரைக் கம்பளியாற் போர்த்தி, ஒருபுறம் தாமும் மறுபுறம் சுமைகாரருமாகத் தாங்கிக்கொண்டார். பேரன் பைகளை எடுத்துக்கொண்டான். நாங்களும் வருகிறோம் என்று எழுந்தோம். “இரவில் பாதையில் ஆள் அதிகமானால் தொல்லை. நீங்கள் இருந்து ஆட்டத்தைப் பாருங்கள். என் மருமகன் எப்படி ஆடினான் என்று எனக்குச் சொல்லுங்கள்” என்றார். மூன்று பேரும் பெரியவரும் மெல்ல இறங்கிக் காட்டுக்குள் மறைந்தார்கள். பௌர்ணமி நிலவு பகல்போல் எறித்தது. அந்த நிலவொளிக்காகவேனும் நன்றி சொல்ல வேண்டும்; விளக்கின் துணை பெரும்பாலும் தேவைப்படவில்லை என்று பின்னர்ச் சொன்னார்கள்.

அன்றிரவு எங்களுக்கு உறக்கமில்லை. நாம்சேயில் பேசிய கணக்கு ஒவ்வொன்றும் நினைவுக்கு வந்தது. காலை ஆறு மணிக்குத் தொலைபேசி மணி அடித்தது. புங்கி தெங்காவில் இருப்பதாகவும், தாத்தாவுக்குத் தலைவலி குறைந்து பேச்சுத் தெளிந்துவிட்டதாகவும், கொஞ்சம் கஞ்சி குடித்ததாகவும் பேரன் சொன்னான். அதன் பிறகே மடத்தின் முற்றத்திற்குச் சென்றோம்.

ஆட்டத்தைப் பற்றி எழுத நிறைய உண்டு. ஓர் ஆள் உயரத்தினும் நீண்ட கொம்புகள் மலைகள் அதிர முழங்கின; சங்கும் முரசும் தாளமும் சேர்ந்துகொண்டன. அகன்ற கரிய தொப்பியணிந்தோர் தேவர்களுக்குப் பானம் வார்த்து ஆடினர். பத்மசம்பவ குருவின் உக்கிர வடிவம் கனல் விழியுடன் முற்றத்தைச் சுற்றி வந்தது. சுடுகாட்டுக் காவலராக எலும்புக்கூட்டு வேடத்தினர் குதித்தனர். நடுவே வெண்தாடிக் கிழவர் ஒருவர் தோன்றி, சடங்குகளையே கேலி செய்வது போல் தடுமாறி விழுந்து எழுந்தார். குழந்தைகள் உருண்டு உருண்டு சிரித்தார்கள். நம் தெருக்கூத்தின் கட்டியங்காரனுக்கு அண்ணன் என்று தோன்றியது. 1963-ல் எவரெஸ்டில் ஏறிய அமெரிக்கர் லூதர் ஜெர்ஸ்டாட், இந்த ஆட்டங்களைப் பற்றி 1969-ல் ஒரு நூலே வெளியிட்டார் என்றால் அவற்றின் ஈர்ப்பை ஊகித்துக்கொள்ளலாம்.

ஆனால் எங்கள் கண்கள் வேறொன்றைத் தேடின. வழிகாட்டியின் மருமகன் எவன்? ஆடுவோர் பலர்க்கும் முகமூடி. மற்றவரும் அலங்காரத்திற்குள் மறைந்திருந்தனர். உயரத்தைப் பார்த்தோம், கால்களைப் பார்த்தோம். இவனாக இருக்குமோ, அவனாக இருக்குமோ என்று ஒவ்வோர் ஆட்டத்திலும் ஐயுற்றோம். பக்கத்தில் அமர்ந்திருந்த ஷெர்ப்பா மூதாட்டியிடம் சைகையால் கேட்கவும் முயன்றோம்; அவர் சிரித்துவிட்டுக் கொதிக்கும் வெண்ணெய்த் தேநீரை எங்களுக்கு ஊற்றித் தந்தார். ஆட்டம் முடியுமுன்பே எழுந்து கீழிறங்கினோம். மூன்றாம் நாள் ஹோமத்தையும் மண்டலம் கலைப்பதையும் நாங்கள் காணவில்லை.

பெரியவர் அடுப்பருகே போர்வையுடன் உட்கார்ந்திருந்தார். எங்களைக் கண்டதும், “எப்படி இருந்தது ஆட்டம்?” என்று கேட்டார். சொன்னோம். கேட்டு முடித்தபின், வெளியே விறகு எடுக்கச் சென்றிருந்த வழிகாட்டியின் பக்கம் கையைக் காட்டி, “அவர் இரவு முழுதும் கண்ணை மூடவில்லை. மணிமாலையை உருட்டிக்கொண்டே இருந்தார். மணிக்கு ஒருமுறை என்னை எழுப்பிப் பெயர் கேட்டார், ஊர் கேட்டார். அதுதான் நான் பார்த்தது” என்றார். மேலும் ஒன்றும் பேசவில்லை.

வழிகாட்டி உள்ளே வந்தார். மருமகனைப் பற்றிக் கேட்பாரே என்று அஞ்சியிருந்தோம், கேட்டார். அடையாளம் தெரியவில்லை என்று உண்மையைச் சொன்னோம். எவரேனும் தாளம் தப்பி ஆடினார்களா என்றார். இல்லை, எல்லோரும் ஒன்றுபோல் ஆடினார்கள் என்றோம். அவர் முகம் மலர்ந்தது. “அப்படியானால் நன்றாக ஆடியிருக்கிறான்” என்று சொல்லி அடுப்பில் விறகை வைத்தார்.

மறுநாள் பெரியவரைக் குதிரையில் ஏற்றி நாம்சேக்கு அழைத்து வந்தோம். மருத்துவர் பார்த்து, தாமதியாமல் கீழே செல்லுங்கள் என்றார். ஊர் திரும்பியபின் பெரியவர் பழையபடி நடமாடுகிறார். சங்கத்து நூலகத்தில் எவரேனும் புத்தகத்தை மடித்து வைத்தால் பழையபடி சினந்துகொள்கிறார்.

செல்ல விரும்பும் அன்பர்களுக்குச் சில சொற்கள். பயண நாட்களைக் குறிக்கும்போது விமானத்திற்காக இரண்டு நாள், உடல் பழகுவதற்காக இரண்டு நாள் எனத் தனியே ஒதுக்குங்கள். தலைவலியை மறைக்காதீர்கள், வீட்டுப் பெரியவர்கள் மறைப்பார்கள், இளையவர்கள் கவனியுங்கள். தெங்போச்சேயில் தண்ணீர் ஏறத்தாழ 87 பாகையிலேயே கொதித்துவிடும். பருப்பு வேகக் குக்கர் இன்றி ஆகாது. நாவுக்குச் சுவை அற்றுப்போகும் அவ்வுயரத்தில், வீட்டிலிருந்து கொண்டுபோன புளிக்காய்ச்சல் எங்கள் நால்வரோடு வழிகாட்டிக்கும் சுமைகாரருக்கும் உதவிற்று.

தாயகத்தில் நின்றுபோன ஒரு விழாவைக் குடியேறிய மண்ணில் காத்து வைத்தவர்கள் அம்மக்கள். அவர்களுள் ஒருவர், தம் குலத்துப் பிள்ளை முதன்முதலாக ஆடிய ஆட்டத்தை, எங்கள் அவசரத்தின் காரணமாகக் காணாது போனார். அவர் அதைப் பற்றி ஒரு சொல்லும் குறை கூறவில்லை. அடுத்த ஆண்டு விழா நாட்களில் எவருக்கும் வழிகாட்டியாகச் செல்லாதிருக்குமாறு வேண்டி அவருக்கு எழுதினோம். அப்படியே செய்வதாகவும், முகமூடியோடும் மருமகனைத் தம்மால் அடையாளம் காண முடியும் என்றும் விடை எழுதியிருக்கிறார்.